புலமைப்பரிசில் கேட்டுக் கடிதம் எழுதுவது: மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளின் கேள்விகளும் என் பதில்களும்

களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சிறிய கல்வி உதவி நிதி ஒன்றுக்கு வரும் விண்ணப்பங்களை ஏழெட்டு வருடமாக வாசித்து வருகிறேன். வேறு இடங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பின்னேரத்தில் கடிதத்தோடு வீட்டுக்கு வருவார்கள். வாகரையில் இருந்தும் வருவார்கள், பொத்துவிலில் இருந்தும் வருவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

முகப்புக் கடிதம் என்று சொன்னால் இங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கவரிங் லெட்டர் என்றே சொல்கிறேன்.

படிவத்தில் எல்லாம் நிரப்பிவிட்டேனே சேர், பிறகு எதற்கு ஒரு கடிதம்?

படிவம் தான் கேட்டதற்கு மட்டுமே இடம் விடும். தகப்பனின் தொழில் என்ற கட்டத்தில் 'மீன்பிடி' என்று எழுதுவீர்கள். அவர் கரைவலையில் பங்குக்கு இழுப்பவரா, வாவியில் சொந்தத் தோணி வைத்திருப்பவரா, பல நாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவரா? இது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. மூன்று பேருக்கும் வருமானம் வேறு, காசு வரும் மாதங்களும் வேறு. மாரியில் கடல் கொந்தளிக்கும்போது கரைவலைக்காரர் வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. உங்கள் பல்கலைக்கழகக் கட்டணம் கட்டும் திகதி சரியாக அந்த மாதத்தில் விழுந்தால், அதைச் சொல்லக் கடிதத்தைத் தவிர வேறு இடம் இல்லை.

படிவத்தில் இருப்பதையே கடிதத்தில் திரும்ப எழுதுகிறவர்கள்தான் அதிகம். 'எனது பெயர் இன்னார், எனது பிறந்த திகதி இன்னது, நான் இன்ன பாடசாலையில் தரம் 1 முதல்...' வாசிக்கிறவர் மூன்றாவது வரியில் அடுத்த கடிதத்தை எடுத்துவிடுவார். நானும் எடுத்திருக்கிறேன், பொய் சொல்வானேன்.

கவரிங் லெட்டர், மோட்டிவேஷன் லெட்டர், பர்சனல் ஸ்டேட்மன்ட் எல்லாம் ஒன்றுதானா?

உறவுக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் இல்லை. கவரிங் லெட்டர் ஒரு பக்கக் கடிதம்: நீங்கள் யார், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள், ஏன் உங்களுக்குத் தர வேண்டும். மோட்டிவேஷன் லெட்டரில் படிப்பின் பக்கம் கூட இருக்கும்: ஏன் இந்தப் பாடம், ஏன் இந்தப் பல்கலைக்கழகம், முடித்த பிறகு என்ன. ஜெர்மனியின் டாட் (DAAD) புலமைப்பரிசில் கேட்பது இந்த வகையை. அமெரிக்காவின் புல்பிரைட் இரண்டைத் தனித்தனியாகக் கேட்கும். ஒன்று என்ன படிக்கப் போகிறீர்கள் என்பது, மற்றது நீங்கள் எப்படிப்பட்டவர் என்பது. பிரித்தானியாவின் செவனிங்குக்குக் கடிதமே கிடையாது. அங்கே கேள்விகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் சிறு கட்டுரை எழுத வேண்டும். போன வருடம் ஒரு தம்பி அழகான கடிதம் ஒன்றை எழுதி அதைத் துண்டு துண்டாக வெட்டி அந்தக் கட்டுரைகளுக்குள் ஒட்டியிருந்தார். கேட்ட கேள்வி ஒன்று, விடை வேறொன்று.

மகாபொலவுக்கு எப்படிக் கடிதம் எழுதுவது என்று கேட்டுக்கொண்டும் வருகிறார்கள். 1981இல் தொடங்கிய காலத்திலிருந்து அது இலங்கைப் பல்கலைக்கழக மாணவருக்கு உயர்தரப் பெறுபேற்றையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத் தருகிற உதவி. அதைக் கடிதத்தால் வெல்ல முடியாது. படிவத்தைப் பிழையில்லாமல் நிரப்புங்கள், போதும்.

எவ்வளவு நீளம்?

ஏ4 தாளில் ஒரு பக்கம். நானூறு சொல் தாண்டினால் வெட்டுங்கள். வெட்ட முடியவில்லை என்றால் யாராவது நண்பரிடம் கொடுங்கள், அவர் இரக்கமில்லாமல் வெட்டுவார்.

முதல் வரி எழுதவே ஒரு கிழமை போய்விடுகிறது. எப்படித் தொடங்குவது?

எப்படித் தொடங்கக் கூடாது என்று முதலில் சொல்கிறேன். நம் பக்கத்துக் கடிதங்களில் மூன்று தொடக்கங்கள் மாறி மாறி வரும்.

ஒன்று, 'மீன்பாடும் தேன்நாடாம் மட்டுமாநகரில்...' வாவியில் நிலாக் காலத்தில் மீன் பாடுவதை நானும் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்கப் போனவன்தான். ஆனால் அது உங்கள் விண்ணப்பத்துக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு, 'சுவாமி விபுலாநந்தர் பிறந்த மண்ணில் பிறந்த நான்...' இது காரைதீவிலிருந்து கட்டாயம் வரும். சுவாமி 1892இல் அங்கே பிறந்தார், உண்மைதான். அவருக்குப் பிறகு காரைதீவில் ஆயிரக்கணக்கானோர் பிறந்துவிட்டார்கள். மூன்று, அப்துல் கலாம் கனவு காணச் சொன்னது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்பதையும் உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் ஒரு விஷயத்தையும் முதல் இரண்டு மூன்று வரிக்குள் சொல்லிவிடுங்கள். அந்த விஷயம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சம்மாந்துறைப் பிள்ளை ஒருவர் இப்படித் தொடங்கியிருந்தார்:

'எங்கள் வாப்பாவின் சைக்கிள் கடையில் நான் பத்து வயதிலிருந்து வேலை செய்கிறேன். பற்றுவரவுக் கொப்பியை நான்தான் எழுதுகிறேன். கணக்கியல் படிப்பதற்காக உங்கள் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கிறேன்.'

மூன்றே வாக்கியம். பிள்ளை யார், என்ன தெரியும், ஏன் இந்தப் பாடம் என்று எல்லாம் வந்துவிட்டது. இதை வாசித்ததும் மிச்சத்தையும் வாசிக்க ஆசை வந்தது.

எங்கள் கஷ்டத்தை எழுதலாமா? எழுதாவிட்டால் எப்படித் தெரியும்?

எழுதுங்கள். ஆனால் ஒரு விஷயம் யோசியுங்கள். நம் மாவட்டங்களில் இருந்து வரும் நூறு கடிதத்தில் கஷ்டம் இல்லாத கடிதத்தை நான் தேடித்தான் பிடிக்க வேண்டும். போர், இடம்பெயர்வு, வெள்ளம், தகப்பன் இல்லாத வீடு, மத்திய கிழக்குக்குப் போன தாய், நுண்கடன். வாசிக்கிறவருக்கு இதெல்லாம் தெரியும். அவரும் பெரும்பாலும் இங்கேதான் வளர்ந்திருப்பார். 'நாங்கள் மிகவும் வறிய குடும்பம்' என்ற வரியால் அவர் ஒன்றையும் புதிதாக அறிவதில்லை.

அவர் தேடுவது வேறு. அந்தக் கஷ்டத்துக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள்? தாய் குவைத்துக்குப் போனபோது தம்பிகள் இரண்டு பேரைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் போவேன், முதல் பாடவேளை அநேகமாகத் தவறும், அந்தப் பாடத்தைத் தோழியின் கொப்பியைப் பார்த்து இரவில் எழுதுவேன் என்று ஒரு தங்கச்சி எழுதினார். 'கஷ்டம்' என்ற சொல் அந்தக் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். சுனாமி 2004 டிசம்பர் 26இல் வந்தது. இப்போது உயர்தரம் முடித்து வருகிறவர்கள் பலர் அன்று பிறந்திருக்கவே இல்லை. 'சுனாமியில் நான் அனைத்தையும் இழந்தேன்' என்று எழுதிவிட்டுப் பிறந்த ஆண்டு 2006 என்று படிவத்தில் போட்டால் வாசிக்கிறவர் என்ன நினைப்பார்? அந்த இழப்பு உங்கள் பெற்றோருடையது. அதை அப்படியே சொல்லுங்கள்: 'திருக்கோவிலில் அப்பாவின் வள்ளமும் வலையும் சுனாமியில் போயின. அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. கூலி வேலைக்குத்தான் போகிறார்.' இதுதான் உண்மை, எழுதினால் கனமாக இருப்பதும் இதுதான்.

எழுத விரும்பாததை எழுத வேண்டிய கட்டாயமும் இல்லை. வீட்டில் காணாமல் போனவர் இருக்கலாம், தகப்பன் குடிக்கலாம். உங்கள் மனம் ஒப்பாத ஒன்றைக் காசுக்காகக் கடையில் வைக்கத் தேவையில்லை. 'குடும்பச் சூழ்நிலையால் நான்கு வருடமாக அம்மா ஒருவரின் உழைப்பில் வாழ்கிறோம்' என்றால் போதும். நல்ல குழு அதற்கு மேல் துருவாது.

எவ்வளவு காசு வேண்டும் என்று எழுதலாமா? வெட்கமாக இருக்கிறது.

இதில் என்ன வெட்கம்! உதவி கேட்டு எழுதுகிற கடிதத்தில் எவ்வளவு, எதற்கு என்று இல்லாவிட்டால் தருகிறவர் எதை வைத்துத் தீர்மானிப்பார்? நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. 'தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு' என்று எழுதினால் பணிவு என்று நினைக்கிறோம். வாசிக்கிறவருக்கு, இந்தப் பிள்ளை தன் செலவைக் கூட்டிப் பார்க்கவே இல்லை என்றுதான் படுகிறது.

ஒரு மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். போர்டிங், சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி, போன் டேட்டா. வருவதை மறுபக்கம் எழுதுங்கள். துண்டு விழும் தொகைதான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை. கடிதத்தில் அது இரண்டு வரி.

கூட்டிக் காட்டவும் வேண்டாம், குறைத்துக் காட்டவும் வேண்டாம். பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஒலுவிலில் ஓர் அறைக்கு என்ன வாடகை, வந்தாறுமூலையில் ஒரு சோற்றுப் பார்சல் என்ன விலை என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மகாபொல கிடைக்கிறது. அதைச் சொன்னால் இதைத் தர மாட்டார்களோ?

சில நிதிகள் தராதுதான். அப்படி ஒரு விதி இருந்தால் விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். விதி இல்லாத இடத்தில் மறைப்பது வீண். பல்கலைக்கழகத்துக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும், அதோடு உங்கள் கடிதத்தில் உள்ள மற்றவையும் பொய்யாகிவிடும். சொல்லுங்கள், சொல்லிவிட்டு அதற்கு மேலும் எவ்வளவு தேவை என்று காட்டுங்கள்.

உயர்தரப் பெறுபேறு நன்றாக இல்லை. இரண்டு சி, ஒரு எஸ் (சாதாரண சித்தி). அதைப் பற்றி எழுதுவதா, விடுவதா?

பெறுபேற்றுத் தாள் இணைப்பில் இருக்கிறது, அவர்கள் எப்படியும் பார்ப்பார்கள். காரணம் இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'பரீட்சைக்கு முந்திய மாதம் அம்மம்மாவோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருந்தேன்' என்பது காரணம். 'வினாத்தாள் கடினமாக இருந்தது' என்பது காரணமில்லை, எல்லோருக்கும் அதே வினாத்தாள்தான்.

காரணம் ஒன்றும் இல்லை, சும்மா படிக்கவில்லை என்றால்? அதையும் சொல்லலாம். ஒரு பையன் எழுதினார்: 'முதல் தடவை கிரிக்கெட்டில் காலம் போயிற்று. இரண்டாம் தடவைக்குக் காலை ஐந்து மணிக்கு எழும்பிப் படித்தேன். எஸ் எடுத்த இணைந்த கணிதத்தில் பி எடுத்தேன்.' அவருக்குக் கொடுத்தோம்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

விளம்பரம் எந்த மொழியிலோ அந்த மொழியில். தமிழில் விளம்பரம் செய்த நிதிக்கு ஆங்கிலத்தில் எழுதினால் கூடுதல் மதிப்புக் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. கிடைக்காது. தெளிவாக எழுதத் தெரிந்த பிள்ளை, தெரியாத மொழியில் தடுமாறுவதைத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

ஆங்கிலத்தில் எழுத வேண்டி வந்தால், தமிழ்க் கடிதத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றாதீர்கள். நம் தமிழ்க் கடிதத்தில் 'தாழ்மையுடன் இரந்து கேட்டுக்கொள்கிறேன்', 'தங்கள் பொற்பாதங்களுக்கு' என்றெல்லாம் வரும். அதை ஆங்கிலத்தில் போட்டால், லண்டனில் இருந்து வாசிக்கிறவர் பதறிப்போவார். ஆங்கிலக் கடிதத்தில் மரியாதை என்பது நேராகச் சொல்வதும் நேரத்தை வீணாக்காததும்தான். தமிழில் எழுதினாலும் நான் 'மதிப்புக்குரிய ஐயா/அம்மணி' என்பதோடு நிறுத்தச் சொல்வேன். பாதம் வேண்டாம்.

பாடசாலை மாணவர் என்றால், 'அதிபர் ஊடாக' என்ற வரி தேவையா என்று விளம்பரத்தில் பாருங்கள். கேட்டிருந்தால் அதிபரின் ஒப்பமும் முத்திரையும் கடைசி நாளில் கிடைக்காது. அவர் அன்றைக்கு வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்தில் இருப்பார், இது எழுதாத விதி.

கொமியூனிகேஷன் கடையில் மாதிரிக் கடிதம் வைத்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதாதா?

ஒரு வருடம் எங்களுக்கு ஒரே கடிதம் ஐந்து பெயரில் வந்தது. ஒரே கடையில் டைப் செய்தது. நான்கில் பெயர் மாறியிருந்தது. ஐந்தாவதிலும் பெயர் மாறியிருந்தது, ஆனால் உள்ளே 'நான் எனது தந்தையை இழந்த பின்' என்ற வரி மாறவில்லை. தகப்பன் உயிரோடுதான் இருந்தார், படிவத்தில் ஒப்பமும் வைத்திருந்தார்.

சாட்ஜிபிடியும் இப்போது அந்தக் கடை மாதிரித்தான். எழுத்துப்பிழை பார்க்க, ஆங்கில இலக்கணம் திருத்தப் பாவியுங்கள், நானே சில பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். முழுக் கடிதத்தையும் அதனிடம் கேட்டால் அழகான, யாருடையதும் இல்லாத ஒரு கடிதம் வரும். நேர்முகத்தில் ஒரு தம்பியிடம், 'பஷனேட் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், எதைப் பற்றி?' என்று கேட்டார்கள். தம்பி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

டைப் செய்வதில் கவனிக்க வேண்டியது ஏதும்?

ஓம், ஒன்று இருக்கிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. கடைகளில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் டைப் செய்கிறார்கள். அச்செடுத்தால் அழகாக இருக்கும். அந்தக் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பினால், பாமினி இல்லாத கணினியில் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்த ஒரு குப்பைதான் தெரியும். யுனிகோட்டில் டைப் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி, உங்கள் போனில் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். 'லெட்டர் நியூ பைனல் 2' என்று கோப்புக்குப் பெயர் வைக்காமல் உங்கள் பெயரை வையுங்கள்.

என்னென்ன இணைக்க வேண்டும்?

கேட்டதை மட்டும். ஐந்தாம் ஆண்டில் வாங்கிய பேச்சுப்போட்டிச் சான்றிதழ் வேண்டாம். பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்துங்கள். வருமானத்துக்குக் கிராம சேவகரின் சான்றிதழும் அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் பெரும்பாலும் கேட்பார்கள். வேளாண்மை வெட்டுக் காலத்திலோ வெள்ள நேரத்திலோ கிராம சேவகரைப் பிடிப்பது லேசில்லை, இரண்டு கிழமைக்கு முன்பே போங்கள்.

ஆசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்கும்போது உங்கள் கவரிங் லெட்டரின் பிரதி ஒன்றையும் கொடுங்கள். இல்லாவிட்டால் 'ஒழுக்கமும் பணிவும் உள்ள மாணவி' என்று மட்டும் எழுதித் தருவார். நானும் அப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன்.

படித்து முடித்து ஊருக்குத் திரும்புவேன் என்று எழுத வேண்டுமா?

சில புலமைப்பரிசில்களுக்கு அது விதி. செவனிங்கில் படித்தவர் குறைந்தது இரண்டு வருடம் தன் நாட்டில் இருக்க வேண்டும். விதி இல்லாத இடத்தில், மனதில் இல்லாததை எழுத வேண்டாம்.

எழுதுவதென்றால் அளவோடு எழுதுங்கள். 'கிழக்கு மாகாணத்தை முன்னேற்றுவேன்' என்று எழுதுகிறார்கள். அமைச்சர்களே திணறுகிற வேலை அது. ஒரு பொறியியல் மாணவர் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாரி வெள்ளத்தில் வாவி நிரம்பும்போது, அது கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது என்று ஒவ்வொரு முறையும் ஒரு இழுபறி வரும். வயல் மூழ்குகிறவர் உடனே வெட்டச் சொல்வார். வாவித் தண்ணீர் கடலோடு வடிந்தால் மீனும் இறாலும் போகும் என்று தொழிலாளர் தடுப்பார். இந்த மாணவரின் மாமா வயல்காரர், அப்பா வாவித் தொழில். 'எங்கள் வீட்டிலேயே இந்தச் சண்டை நடக்கும். நீர் மட்டத்தை அளந்து, எந்த மட்டத்தில் வெட்டலாம் என்று இரண்டு பேருக்கும் ஒரு கணக்குக் காட்ட வேண்டும். அதற்குத்தான் நீரியல் படிக்க விரும்புகிறேன்.' மாகாணத்தை முன்னேற்றுவதாக அவர் சொல்லவே இல்லை. மாமாவையும் அப்பாவையும் சமாதானப்படுத்தப் பார்க்கிறார். அது நம்பும்படி இருந்தது.

பெண்பிள்ளை. தூரம் அனுப்ப வீட்டில் யோசிக்கிறார்கள். கடிதத்தில் அதைச் சொல்லலாமா?

கடிதத்தில் வேண்டாம். ஆனால் கடிதம் அனுப்பும் முன் வீட்டில் கதைத்து முடியுங்கள். எல்லாம் கிடைத்து, விசா வரை போய், 'அப்பா விடவில்லை' என்று நின்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அந்த இடம் வேறு ஒருவருக்கும் போகாமல் வீணாகிவிடும். அப்பாவோடு கதைக்க ஆள் தேவை என்றால் படிப்பித்த டீச்சரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாமாவைவிட டீச்சர் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

முழுக் கடிதம் ஒன்று காட்டுங்களேன் சேர்.

இது நானே கட்டிய கடிதம். தொகைகளும் உதாரணத்துக்குத்தான். பிரதி பண்ணினால் எனக்குத் தெரிந்துவிடும்.

'மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

விடயம்: இரண்டாம் ஆண்டுக் கல்விக்கான உதவித்தொகை

கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீடும் இரண்டு ஏக்கர் வயலும் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே இருக்கின்றன. போன பெரும்போகத்தில் கதிர் முற்றும் நேரத்தில் யானை இறங்கி முக்கால் ஏக்கர் நெல் போயிற்று. மிச்சத்தை விற்று உரக் கடனை அடைத்தோம். இப்போது அம்மா பால் விற்பதில்தான் வீட்டுச் செலவு நடக்கிறது.

யானை எந்த இரவில், எந்தப் பக்கத்தால் வருகிறது என்று அந்தப் போகம் முழுவதும் காவலுக்குப் போன அண்ணன்மாரிடம் கேட்டு ஒரு கொப்பியில் குறித்தேன். பதினொரு தடவையில் ஒன்பது தடவை ஒரே வாய்க்கால் ஓரத்தால் வந்திருந்தது. ஊரவர்கள் காவல் பரணை அந்த இடத்துக்கு மாற்றினார்கள். நான்காம் ஆண்டு ஆய்வை இதிலேயே செய்வது பற்றி எங்கள் விரிவுரையாளரிடம் கதைத்திருக்கிறேன்.

மாதம் எனக்கு 21,000 ரூபா செலவாகிறது. தங்குமிடம் 7,000, சாப்பாடு 11,000, பஸ்ஸும் பிரதிகளும் 3,000. பல்கலைக்கழக உதவிப்பணமும் டியூசன் கொடுத்து உழைப்பதும் சேர்ந்து 11,000 வருகிறது. வீட்டிலிருந்து 4,000 அனுப்புகிறார்கள். துண்டு விழும் 6,000 ரூபாவை இரண்டாம் ஆண்டு முடியும் வரை தந்துதவுமாறு கேட்கிறேன். கிடைத்தால் டியூசன் வகுப்பில் ஒன்றைக் குறைத்து ஆய்வுகூட வேலைக்கு நேரம் ஒதுக்குவேன்.

பெறுபேறுகளும் வருமானச் சான்றிதழும் இணைக்கப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
உண்மையுள்ள'

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யானையைப் பற்றி யாரும் எழுதலாம், ஆனால் அந்தக் கொப்பி இந்தப் பிள்ளையுடையது. கடிதம் நிற்பது அதில்தான். உங்களிடமும் அப்படி ஒன்று இருக்கும். பலருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே தெரியாததால் எழுதாமல் விடுகிறார்கள். வீட்டில் உட்கார வைத்து அரை மணி நேரம் கதை கொடுத்தால், மறுகா, எழும்பிப் போகிற நேரத்தில் வாசலில் நின்று சொல்வார்கள்: 'அது சும்மா சேர், நான் பின்னேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறனான்.' எத்தனை பிள்ளைகள்? 'ஒரு பன்னிரண்டு பேர் வருவாங்க.' அதைத்தானே தம்பி முதல் வரியில் எழுத வேண்டும்!

மூன்று தடவை அனுப்பியும் கிடைக்கவில்லை. கடிதத்தில்தான் பிழையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எங்கள் நிதியில் பத்துப் பேருக்குத்தான் காசு இருக்கும், பதினொராவது கடிதமும் நல்ல கடிதமாகவே இருக்கும். அந்த இரவுகளில் எனக்கு நித்திரை வருவதில்லை. என்ன குறை என்று மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேட்டுப் பாருங்கள், சிலர் பதில் போடுவார்கள். பழைய கடிதத்தைத் திருத்தி மறுபடியும் அனுப்பலாம், அதில் பிழையே இல்லை. இந்த வருடம் புதிதாக என்ன செய்தீர்கள் என்று ஒரு பந்தி சேருங்கள். மேலே உள்ள திகதியையும் மாற்றுங்கள். போன வருடத் திகதியோடு வந்த கடிதங்கள் இரண்டு என் மேசையில் இப்போதும் கிடக்கின்றன.